கழுத்துக்குள் ஒரு கிரைண்டர்: தைராய்டு எப்படி இயங்குகிறது?

தைராய்டு குறைவு, கழுத்தில் கட்டி, ஏறி இறங்கும் பி.பி. மூன்றும் ஒருவருக்கே வரும்போது எதனால் எது என்று பிரித்துப் பார்ப்பது சிரமம். இட்லி மாவு அரைக்கும் வீட்டை மனதில் வைத்துக்கொண்டால் முடிச்சு அவிழும்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டியிருக்கும் தைராய்டுதான் கிரைண்டர். எடை 20 கிராம் அளவு. அதில் விழும் சரக்கில் முக்கியமானது அயோடின். வளர்ந்தவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். நம் ஊரில் அது பெரும்பாலும் அயோடின் கலந்த உப்பு வழியாகவே வந்துவிடுகிறது.

அரைபட்டு வரும் மாவு, டி4 என்ற ஹார்மோன். மாவை யாரும் அப்படியே சாப்பிடுவதில்லை. ஈரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் டி4இன் நான்கு அயோடின் அணுக்களில் ஒன்று கழன்று டி3 ஆகிறது. அதுதான் வெந்த இட்லி. இதயம், தசை, குடல், தோல் எல்லாம் பசியாறுவது அதில்தான். அது குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எடை கூடுதல் எனக் குறைகள் பல திசையிலிருந்தும் கிளம்பும்.

குரல் ஏன் உயர்கிறது?

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வீட்டின் பெரியம்மா. பாத்திரத்தைத் திறந்து பார்த்து, மாவு குறைந்தால் "அரை" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலின் பெயர் டி.எஸ்.எச். "தைராய்டு குறைவு என்கிறார்கள், ரிப்போர்ட்டில் எண் ஏறியிருக்கிறதே!" என்று பலரும் குழம்புவது இங்கேதான். மாவு குறையக் குறையக் குரல் உயரும். பொதுவாக 0.4 முதல் 4 வரை இயல்பு என்பார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும்.

பெரியம்மா கத்தியும் கிரைண்டர் ஓடாததற்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரே காரணம்: உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே அதைத் தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்ததால் நோய்க்கு அவர் பெயரே நின்றது.

அப்போது கைகொடுப்பது கடை மாவு, அதாவது லெவோதைராக்சின் மாத்திரை. அதுவும் டி4தான், இட்லியாக்குவதை உடல் பார்த்துக்கொள்ளும். இந்த மாவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். அதனால்தான் மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்கலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இல்லையென்றால் மாவு வீட்டுக்குள் வராமலே வீணாகும்.

பி.பி.க்கும் மாவுக்கும் என்ன?

இட்லிக்குக் காத்திருப்பவர்களில் இருவரைக் கவனியுங்கள்: இதயம், ரத்தக்குழாயின் சுவர். டி3 கிடைத்தால் சுவர் தளரும். கிடைக்காவிட்டால் இறுகும், இதயமும் மெதுவாகத் துடிக்கும். குழாய் இறுகுவதால் பி.பி.யின் கீழ் அளவு ஏறும். தைராய்டு குறைவு உள்ளவர்களிடம் மருத்துவர்கள் கீழ் அளவை உற்றுப் பார்ப்பது இதற்குத்தான். மாத்திரை தேவைக்கு மேல் போனால் கதை திரும்பும்: துடிப்பு வேகமெடுத்து மேல் அளவு ஏறும், படபடப்பு வரும், கை நடுங்கும்.

ஆனால் காலையில் 150, மாலையில் 125 என்று ஒரே நாளில் ஆடுவதற்கு மாவைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாரத்துக்குத் தாங்கும் மாவு சில மணி நேரத்தில் ஏறி இறங்காது. தூக்கம், உப்பு, காபி, வலி, பதற்றம், பி.பி. மாத்திரையைத் தவறவிட்டது, அளந்த விதம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இரண்டு முறை அளந்து குறித்துவையுங்கள்.

கட்டி வேறு கேள்வி

கட்டி என்பது கிரைண்டரின் உடம்பில் தோன்றிய புடைப்பு. புடைப்பு இருந்தும் மாவு சரியாக வரலாம். புடைப்பே இல்லாமல் மாவு நின்றும் போகலாம். அரிதாகச் சில கட்டிகள் பெரியம்மாவின் குரலைக் கேட்காமல் தாமாகவே அரைக்கும், அப்போது டி.எஸ்.எச். இறங்கிக் கிடக்கும். நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஊசி போட்டு அணுக்களை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்பதை ஸ்கேனில் தெரியும் அளவும் தோற்றமும் முடிவு செய்யும். விழுங்கச் சிரமம், குரல் கரகரப்பு, வேகமாக வளரும் வீக்கம் இருந்தால் அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

ஆக, பி.பி. நிமிடக் கணக்கில் மாறும், டி.எஸ்.எச். வாரக் கணக்கில், கட்டி மாத, ஆண்டுக் கணக்கில். ஒருநாள் பி.பி. ஏறியது என்று தைராய்டு மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும், டி.எஸ்.எச். சரியாகிவிட்டது என்று கட்டியின் ஸ்கேனை விட்டுவிடுவதும் ஒன்றின் கணக்கை இன்னொன்றின் மேல் ஏற்றுவதுதான். மருத்துவரிடம் போகும்போது மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு கொண்டுபோங்கள். பி.பி. 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால் மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.