குளச்சலில் தோற்றவர்... உதயகிரியில் உறங்குகிறார்!

கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் சுற்றுலா வரும் குடும்பங்கள் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்த கையோடு திற்பரப்பு அருவிக்கு வண்டியைத் திருப்பிவிடுவது வழக்கம். அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கல்லறையை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் கல்லறையின் கதை குளச்சல் கடற்கரையில் தொடங்குகிறது. அரைநாள் ஒதுக்கினால் போதும், இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதலில் வெற்றித்தூண்

குளச்சல் கடற்கரையருகே நிற்கும் தூண், 1741-ல் நடந்த போரின் நினைவுச்சின்னம். மிளகு வணிகத்துக்காகத் திருவிதாங்கூரோடு மோதிய டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி, இலங்கையிலிருந்து படையை அனுப்பிக் குளச்சலில் இறக்கியது. மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை வளைத்துக்கொண்டது. டச்சுக்காரர்களின் வெடிமருந்தில் குண்டு விழுந்து தீப்பிடிக்க, அரிசி இருப்பும் எரிந்துபோனது. ஆகஸ்ட் மாதம் அவர்கள் சரணடைந்தார்கள். இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் 9-வது பட்டாலியன், திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்தது. ஜூலை 31-ஐ அது இன்றும் ‘குளச்சல் தினமாக’ கொண்டாடுகிறது.

கடற்கரை மக்களிடம் இன்னொரு கதையும் உண்டு. மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். தூரத்துக் கப்பலிலிருந்து பார்த்தவர்கள், துப்பாக்கி ஏந்திய பெரும்படை என்று நினைத்துவிட்டார்களாம். இது செவிவழிச் செய்திதான். ஆனால், தங்கள் முன்னோருக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு என்று இந்தக் கரை நம்புகிறது.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் இறந்த வீரர்களுக்குப் பெயர், வயது, படைப்பிரிவு பொறித்த கற்கள் அங்கே வரிசையாக இருக்கும். குளச்சலில் மாண்டவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. தூண் ஒன்றே எல்லோருக்கும் பொது.

அடுத்து உதயகிரி

குளச்சலிலிருந்து திங்கள்சந்தை, தக்கலை வழியாகப் புலியூர்குறிச்சி வந்தால் சாலையோரமே உதயகிரிக் கோட்டை. சுமார் 90 ஏக்கர். உள்ளே மரங்களும் ஒரு குன்றும், கூரையில்லாத பழைய தேவாலயமும் உள்ளன. அந்தச் சுவர்களுக்கு நடுவே படுத்திருப்பவர் யூஸ்டேஷியஸ் டிலனாய். குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர்!

தன்னிடம் சிறைப்பட்டவரை மன்னர் கொல்லவில்லை, வேலை கொடுத்தார். டிலனாய் திருவிதாங்கூர் வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்தார். இந்தக் கோட்டையையும் அவர் மேற்பார்வையில்தான் புதுப்பித்தார்கள். ‘வலிய கப்பித்தான்’ என்று பெயரெடுத்தார். பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளை, கிறிஸ்தவத்தை அறிந்ததும் இவர் மூலமாகத்தான். கிட்டத்தட்ட 37 ஆண்டுகள் பணியாற்றிய டிலனாய், 1777 ஜூன் 1-ம் தேதி இறந்தார். கல்லறையில் லத்தீனோடு தமிழிலும் எழுத்துகள் உள்ளன. குழந்தைகளை நிறுத்தி, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்தில் அவர் மனைவியும் மகனும் அடக்கமாகியிருக்கிறார்கள். அந்த மகன், 1765-ல் களக்காட்டில் நடந்த சண்டையில் இறந்தவர். தன்னைத் தோற்கடித்த நாட்டுக்காகவே மகனையும் பறிகொடுத்த தகப்பன், அதன் பிறகும் 12 ஆண்டுகள் அதே கோட்டையில் பணியைத் தொடர்ந்திருக்கிறார். அந்தக் கல் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கத் தோன்றும்.

விவரம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் இந்த இடம் வெறும் இடிந்த சுவர்தான். உள்ளூர் ஆசிரியர்கள் மாணவர்களைத் தூணிலிருந்து கல்லறை வரை ஒருநாள் கூட்டிவந்தால், பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்த போர் அவர்களுக்கு நேரிலேயே புரிந்துவிடும்.

காலையிலேயே கிளம்பினால் வெயிலுக்கு முன் இரண்டையும் முடித்துவிடலாம். பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் திங்கள்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.