வாடிய செடிக்கெல்லாம் நீர் வார்க்கலாமா?

கரும்பச்சை இலையின் மீது வெண்ணூலால் வலை பின்னியதுபோல் தோற்றமளிக்கும் சின்னஞ்சிறு செடியொன்றை நர்சரிகளில் கண்டிருப்பீர்கள். சிலவற்றில் அவ்வலை இளஞ்சிவப்பாகவும் இருக்கும். அதன் பெயர் ஃபிட்டோனியா. இலை நரம்புகளே கோலமாக விளங்குவதால் நரம்புச் செடி என்றும் வழங்குவர். ஆசையுடன் வாங்கிச் சென்று, சில வாரங்களிலேயே அதனைப் பறிகொடுத்து, "நம் வீட்டிற்கு இது ஒத்துவராது" என்று மனம் சலிப்போர் பலர். அச்செடி காட்டும் ஓர் அறிகுறியைச் சரியாகப் புரிந்துகொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

உறவும் பெயரும்

பெரு, ஈக்வடார், கொலம்பியா முதலிய தென்னமெரிக்க நாடுகளின் மழைக்காடுகளே இதன் தாயகம். எனினும் நமக்கு இது முற்றிலும் அந்நியமன்று. நம் பெண்கள் சூடும் கனகாம்பரமும், இருமலுக்குக் கஷாயமாகும் ஆடாதொடையும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. எலிசபெத், சாரா மேரி ஃபிட்டன் என்னும் சகோதரிகளின் நினைவாக இதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. ஒரு தாய் தன் மகனுக்குத் தாவரங்களைப் பற்றி உரையாடிக் கற்பிப்பதாக அமைந்த இவர்களுடைய நூல் 1817-ஆம் ஆண்டு வெளிவந்தது.

இடமும் மண்ணும்

ஓங்கிய மரங்களின் நிழலில், ஈரத்தரையில் படர்ந்து வாழும் செடி இது. அரையடி உயரத்தைத் தாண்டுவது அரிது. எனவே வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. காலை ஒளி வரும் சன்னலிலிருந்து சற்றே தள்ளி வையுங்கள். நேர்வெயில் பட்டால் இலை கருகும். இருட்டில் வைத்தால் தண்டு மெலிந்து நீளும். மின்விசிறிக் காற்றும் ஏ.சி. காற்றும் நேராகத் தாக்கலாகாது. தென்னை நார்க்கழிவு, மக்கிய இலையுரம், சிறிது மணல் ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் நடுங்கள்.

ஓர் அறிகுறி, இரு காரணங்கள்

இதன் மெல்லிய இலைகள் நீரை விரைவில் இழந்துவிடும். மண் உலர்ந்ததும் செடி முழுவதும் மயங்கி விழுந்ததுபோல் துவண்டுவிடும். அப்போது நீர் வார்த்தால் சில மணி நேரத்திலேயே நிமிர்ந்துவிடும். இந்த அதிசயத்தை ஒருமுறை கண்டவர்கள், பின்னர் எப்போது துவண்டாலும் நீரையே ஊற்றுகின்றனர். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

மண்ணில் ஓயாமல் நீர் தேங்கினால் காற்றின்றி வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தால் துவளும். அந்நிலையில் மேலும் நீர் ஊற்றினால் செடி மடிந்துவிடும். எனவே சொம்பை எடுக்கும் முன் விரலை மண்ணில் ஓர் அங்குலம் இறக்கிப் பாருங்கள். உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை நீர் வாருங்கள். ஈரமாக இருந்தும் செடி துவண்டிருந்தால் நீரை நிறுத்தி, வேரைச் சோதியுங்கள். கறுத்துக் குழைந்த வேர் அழுகிய வேர். நலமான நுனித்தண்டு எஞ்சியிருப்பின் கவலை வேண்டாம். அதிலிருந்து புதுச்செடி உண்டாக்கலாம்.

ஒன்று பலவாக

மூன்றங்குல நீளமுள்ள நுனித்தண்டைக் கணுவிற்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வேர் விடுவது கணுவிலிருந்துதான். வெறும் இலையைச் செருகிப் பயனில்லை. அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணுவேனும் புதையுமாறு ஈரமான நார்க்கழிவில் நடுங்கள். மேலே கண்ணாடிக் குவளை ஒன்றைக் கவிழ்த்து, நிழலில் வையுங்கள். நாள்தோறும் சிறிது நேரம் குவளையை அகற்றிக் காற்றுப் படச் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். மெல்ல இழுத்துப் பார்க்கையில் செடி அசையாது நின்றால் அதுவே அடையாளம். படர்ந்த தண்டைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் பதியமிட்டும் புதுச்செடி பெறலாம்.

செடி செழிப்பாக இருக்கும்போதே இரண்டு தண்டுகளை நட்டு வைப்பது அறிவுடைமை. தாய்ச்செடி தவறினாலும் அதன் வழித்தோன்றல் வீட்டில் இருக்கும். ஒன்றை உங்களுக்கென வைத்துக்கொண்டு, மற்றொன்றை அண்டை வீட்டாருக்கு அளியுங்கள். அளிக்கும்போது, விரலால் மண்ணைத் தொட்டறியும் அந்தப் பழக்கத்தையும் மறவாமல் சொல்லிக் கொடுங்கள்.