விடுபட்ட ஒன்பது பெயர்கள்

சென்ற ஆண்டு இரண்டாந் தவணையின் தொடக்கத்தில் ஒரு நாள், பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் ஆசிரியர் அறையின் வாயிலில் வந்து நின்றான். வகுப்பிலே வாய் திறந்து பேசுவது அரிதான பிள்ளை. பழைய மாணவர் சிலர் ஒன்றுசேர்ந்து, வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கொப்பிகளும் சப்பாத்தும் வாங்குவதற்கென ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்புவதுண்டு. அதனைப் பெறுவோரின் பட்டியல் அன்று காலையில் விளம்பரப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது.

"சேர், என்ரை பேர் அதிலை இல்லை" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான். வரலாறு கற்பிக்கும் எனக்கு அவ்வேலை வந்து சேர்ந்ததற்கு, கணினியைக் கண்டு அஞ்சாதவன் என்று அதிபர் என்மீது கொண்டிருந்த நம்பிக்கையே காரணம். கணினிக்குக் கட்டளை எழுதும் வித்தை எனக்குத் தெரியாது. ஆயினும் அவ்வித்தை அறியாதவரும் தரவுகளை ஒழுங்குசெய்ய உதவும் ஒரு கருவி எக்செல் மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றது. பவர் குவெரி என்பது அதன் பெயர். 2013ஆம் ஆண்டிலே தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ஓர் உறுப்பாக வந்து, எக்செல்லின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் அங்கமாகவே ஆகிவிட்டது.

என் கையில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று, உதவி பெறத் தகுந்தோர் இவர் என்று வகுப்பாசிரியர்கள் தந்த 196 பெயர்கள். மற்றது, பாடசாலையின் சேர்வு இடாப்பிலிருந்து முன்னொரு காலத்தில் தட்டச்சுச் செய்யப்பட்ட விபரங்கள். பிறந்த திகதியும் பெற்றோரின் தொலைபேசி இலக்கமும் அதிலேதான் இருந்தன. ஒருவருடைய விபரம் இரண்டிலும் இருந்தால் அவற்றை ஒரே நிரையிற் கொண்டுவருதல் வேண்டும். வகுப்பாசிரியர்கள் சேர்விலக்கத்தை எழுதித் தரவில்லை. ஆகையால் பெயரைக் கொண்டே பொருத்த வேண்டியதாயிற்று. முதற்பிழை அதுவே என்று இப்பொழுது எண்ணுகின்றேன்.

இக்கருவியின் திரையைச் சற்று விபரிப்பது நன்று. நடுவே அட்டவணை தெரியும். வலப்புறத்திலே, நாம் செய்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு படியாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும்: முதல் நிரையைத் தலைப்பாக்கியமை, வெற்று நிரைகளை நீக்கியமை, ஒரு நிரலை இரண்டாகப் பிரித்தமை, இரு அட்டவணைகளை இணைத்தமை என்றவாறு. எந்தப் படியைத் தொட்டாலும், அந்தப் படி முடிந்த நேரத்தில் அட்டவணை எவ்வாறு இருந்ததோ அவ்வாறே மீண்டுந் தோன்றும். வேண்டாத படியை அழிக்கலாம். இடையிலே புதியதொன்றைச் செருகலாம். மூலப் பட்டியல் எவ்வித மாற்றமுமின்றி அப்படியே கிடக்கும். அடுத்த ஆண்டு புதிய பட்டியல் வந்தால், அதே படிகளை மறுபடியும் ஓடவிட ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். நாம் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் திரைக்குப் பின்னால் 'எம்' என்னும் கணினிமொழியில் ஒரு வரி எழுதப்படுகின்றது. விரும்புவோர் அதனைத் திறந்து பார்க்கலாம். நான் நெடுங்காலம் பார்த்ததில்லை.

மாணவனை உள்ளே அழைத்து அருகிலே இருத்திக்கொண்டு கணினியைத் திறந்தேன். முதற்படியைத் தொட்டபோது அவன் பெயர் இருந்தது. இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் இருந்தது. இரு பட்டியல்களையும் இணைக்கும் படிக்கு வந்ததும் இல்லை. அந்தப் படியின் சாளரத்தைத் திறந்தேன். 196 நிரைகளுள் 187 பொருந்தின என்று அதன் அடியிலே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. முதல் நாளும் அது அங்கேதான் இருந்திருக்கும், நான் வாசிக்கவில்லை. அன்றியும், பொருந்திய நிரைகளை மாத்திரம் வைத்துக்கொள் என்னும் தெரிவையே நான் தெரிந்திருந்தேன். கருவி சொன்னதைச் செய்தது.

பொருந்தாதவற்றை மட்டுங் காட்டு என்றும் அதே சாளரத்தில் ஒரு தெரிவு உண்டு. அதனை மாற்றியவுடன் ஒன்பது பெயர்கள் வந்து நின்றன. அவன் பெயரின் முதலெழுத்து 'யோ'. மற்ற எட்டுப் பெயர்களிலும் எங்கோ ஓரிடத்தில் 'கோ' அல்லது 'மோ' அல்லது 'கொ' இருந்தது.

எம் நாட்டில் அலுவலகங்களிற் பணிபுரிந்தோருக்குப் பாமினி எழுத்துருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதிலே தட்டச்சுச் செய்யப்பட்டது திரையில் தமிழாகத் தோன்றினும், உள்ளே பதிவாவன ஆங்கில எழுத்துகளே. 'யோ' என்று எழுத, கையால் எழுதுவதுபோலவே முதலில் இரட்டைக் கொம்பு, பின்பு 'ய', பின்பு அரவு என மூன்று விசைகளை அழுத்துவர். பழைய இடாப்பு அவ்வாறு எழுதப்பட்டது. அதனை எவரோ பின்னர் யுனிகோட்டுக்கு மாற்றியபோது, கொம்பும் அரவும் இரு தனிக் குறிகளாகவே தங்கிவிட்டன. இப்போதைய விசைப்பலகையில் எழுதினாலோ, ஓகாரத்துக்கு ஒரே குறிதான் பதிவாகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வேற்றுமை தெரியாது. இயந்திரத்துக்கோ அவை வெவ்வேறு பெயர்கள்.

தீர்வு எளிது. இணைக்கும் படிக்கு முன்னால், இரு குறிகள் வருமிடத்தில் ஒரு குறியை இடு என்று ஒரு படியைச் செருகினேன். ஓகாரத்துக்கு ஒன்று, ஒகரத்துக்கு ஒன்று. ஒன்பது பேரும் வந்துவிட்டனர். மாணவன் திரையைப் பார்த்து, "அப்ப என்ரை பேர் பிழையில்லையோ, சேர்?" என்று கேட்டான். தன் பெயரிலேதான் ஏதோ பிழையென்று அவன் எண்ணியிருக்கின்றான்.

இங்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. ஒரு கட்டளைத் தொடருக்குள் அவ்விதி புதைந்து கிடந்திருந்தால், அதனை எழுதியவரைத் தேடி நான் அலைந்திருப்பேன். அவருக்கோ எமது சேர்வு இடாப்பின் கதை தெரியாது. விதி கண்முன்னே படியாக நின்றமையால், விஷயத்தை அறிந்தவனே பிழையையுங் கண்டுபிடிக்க முடிந்தது. நிரலாக்கம் தெரியாதவரும் செய்யலாம் என்பதை இத்தகைய கருவிகளின் பெருமையாக விற்பனையாளர் கூறுவர். செய்தவர் தாம் செய்ததைத் திரும்பிப் பார்க்கலாம் என்பதையே நான் பெரிதாக மதிக்கின்றேன்.

எவரும் தெரிந்து இடாத விதி எத்துணைத் தொல்லை தரும் என்பதற்கு விஞ்ஞான உலகிலேயே ஒரு சான்று உண்டு. 'மார்ச்1', 'செப்ட்2' என்னும் சுருக்கப் பெயர்கள் பூண்ட மரபணுக்கள் இருந்தன. எக்செல்லில் அவற்றை எழுதினால், அது தானாகவே திகதி என்று கருதி, மார்ச் மாதம் முதலாந் திகதி எனவும் செப்டெம்பர் இரண்டாந் திகதி எனவும் மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இவ்வகைப் பிழை இருந்ததாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. இறுதியில் 2020இல், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் பெயர்களையே மாற்றினர்: 'மார்ச்எஃப்1', 'செப்டின்2' என்று. இயந்திரத்துக்காக மனிதர் பெயரை மாற்றிக்கொண்ட கதை! அதே 2020இல் இங்கிலாந்திலே கோவிட் தொற்றாளர் 15,841 பேரின் விபரம் நாளாந்தக் கணக்கிற் சேராது விடுபட்டது. பழைய எக்செல் கோப்பு வகையில் ஒரு தாளுக்கு 65,536 நிரைகளே கொள்ளும் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி நாட்கணக்கிற் பிந்திற்று.

பவர் குவெரியும் இவ்விஷயத்தில் முற்றிலும் சுத்தமானதன்று. பட்டியலைத் திறந்தவுடன், நாம் கேளாமலே, ஒவ்வொரு நிரலும் எண்ணா எழுத்தா திகதியா என்று தானாகத் தீர்மானித்து ஒரு படியைச் சேர்த்துவிடும். எம் தொலைபேசி இலக்கங்களின் முன்னாலுள்ள பூச்சியம் அதனாலேயே பறந்துபோனது. ஆயினும் அதுவும் படியாக எழுதப்பட்டிருந்தமையால், அழித்துவிட்டேன்.

உதாரணம் காட்டி விதியை ஊகிக்கச் செய்யும் வசதியும் உண்டு. முதலெழுத்து நீங்கிய பெயர் வேண்டுமெனில், இரண்டு மூன்று நிரைகளில் நாமே எழுதிக் காட்டினால், மிகுதியை அது நிரப்பிவிடும். நான் காட்டிய மூவரும் தந்தை பெயரின் ஓர் எழுத்தை மாத்திரம் முன்னால் உடையவர்கள். ஆகவே, முற்றுப்புள்ளிக்குப் பின்னுள்ளதே பெயர் என்று அது முடிவுசெய்தது. இரண்டு முதலெழுத்து உடையோருக்கெல்லாம் இரண்டாம் எழுத்து பெயரோடு ஒட்டிக்கொண்டது. வகுப்பிலே நாமும் இவ்வாறு உதாரணந் தந்து, பின்பு பிள்ளைகளைக் கடிந்துகொள்வதுண்டு.

இந்த எண்ணம் முற்றிலும் புதியதன்று. ஹெர்மன் ஹொலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைக் கணக்கிட வழிசெய்தார். அந்த வழியிற் பின்னர் வந்த இயந்திரங்களில், அட்டையின் எந்த நிரல் எந்த எண்ணிக்கும் கருவிக்குச் செல்லவேண்டும் என்பதை, துளைகள் நிறைந்த ஒரு பலகையிலே கம்பிகளைச் செருகித் தீர்மானித்தனர். வேலை மாறும்போது பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்டுவர். கம்பியைக் கண்ணால் தொடர்ந்து சென்றால் விதி விளங்கும். 2011இல் ஸ்டான்ஃபோர்ட், பேர்க்லி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர் 'ராங்லர்' என்னும் கருவியை வெளியிட்டு, அட்டவணையைத் தொட்டுக் காட்டினாலே மாற்ற விதிகளைக் கணினி முன்மொழியும் முறையை விளக்கினர். பணம் செலவிட இயலாத பாடசாலைகளுக்கு 'ஓபன்ரிஃபைன்' என்னும் இலவச மென்பொருளும் உண்டு. ஒரே ஊரின் பெயரைப் பலர் பலவாறு எழுதியிருந்தால், அவற்றைக் கூட்டங் கூட்டமாக எடுத்துக் காட்டுவதில் அது மிகவும் கெட்டிக்காரன்.

அன்று பிற்பகலே திருத்திய பட்டியலைப் பலகையில் ஒட்டினேன். படிகளுக்கு நாமே பெயரிடலாம் என்பதை அதன்பின் அறிந்து, ஆங்கிலப் பெயர்களை அகற்றித் தமிழிலே எழுதினேன். 'ஓகாரக் குறிகளை ஒன்றாக்கல்' என்று ஒரு படி இப்பொழுது அங்கே இருக்கின்றது. இறுதியில், 'பொருந்தாதோர்' என்று தனியாக ஒரு பட்டியலும் வைத்திருக்கின்றேன். இவ்வாண்டு புதிய பெயர்கள் வந்தபோது, அதனை முதலில் திறந்து பார்த்தேன். இருவர் இருந்தனர். விசாரித்தபோது, இருவரும் தை மாதத்திலேதான் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்றும், இடாப்பில் இன்னும் ஏறவில்லை என்றும் இலிகிதர் சொன்னார்.