நிலையுருவற்ற புரதங்களும் எக்ஸ் கதிர்ச் சிதறலும்

புரதத்தின் பணி அதன் வடிவத்தைப் பொறுத்தது என்பது இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. அவ்வடிவத்தைக் காட்டித் தந்தவற்றுள் முதன்மையானவை எக்ஸ் கதிர்கள். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் சேர்ந்த அமைப்புடையது என 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அக்கதிர்களைக் கொண்டே எடுத்துரைத்தனர்.

ஆயினும் எல்லாப் புரதங்களும் ஓருருவில் நிலைத்திருப்பதில்லை. பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோயுடன் தொடர்புடைய ஆல்பா சைனூக்ளின் இதற்குச் சான்றாகும். 140 அமினோ அமிலங்களாலான அச்சங்கிலி, கரைசலில் கணந்தோறும் நெளிந்து உருமாறுகிறது. படிகமாக்கி ஆராயும் வழக்கமான முறை இதற்கு உதவாது. அவ்வாறாயின் இதனை அறிவது எங்ஙனம்?

ஏற்காட்டில், மெல்லிய மேகம் சேர்வராயன் மலையைக் கடக்கும் இரவுகளில் நிலவை ஒட்டி ஓர் ஒளிவளையம் தோன்றுவதுண்டு. மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியைச் சற்றே விலக்குவதால் உண்டாவது அது. துளி சிறுத்தால் வளையம் விரியும், பெருத்தால் சுருங்கும். ஆகவே துளியை நேரில் காணாமலே வளையத்தைக் கொண்டு அதன் அளவைக் கணிக்கலாம்.

சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறல் என்னும் முறையின் தத்துவமும் இதுவே. புரதக் கரைசலினூடே மெல்லிய கதிர்க்கற்றையைச் செலுத்தி, நேர்பாதையிலிருந்து விலகும் கதிர்களின் செறிவைக் கோணவாரியாக அளக்கின்றனர். பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே கினியே வகுத்த சமன்பாட்டால் மூலக்கூறின் சராசரி விரிவு தெரியவரும். கிராட்கி வரைபடமோ அதன் இயல்பைக் காட்டும். இறுக மடிந்த புரதமாயின் கோடு மணி போல் எழுந்து தாழும்; நெகிழ்ந்ததாயின் அவ்வாறு தாழாது.

எனினும் கிடைப்பது எண்ணற்ற மூலக்கூறுகளின் சராசரியே. அதனை ஒரே உருவத்தின் படமெனக் கொள்ளலாகாது. ஆதலால் ஆய்வாளர் கணினியில் ஆயிரக்கணக்கான உருவங்களைப் படைத்து, எத்தொகுதியின் கூட்டுச் சிதறல் அளவீட்டுடன் ஒத்துவருகிறதோ அதனைத் தெரிவு செய்கின்றனர். இங்கும் சென்னையின் பங்கு உண்டு. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எக்கோணங்களில் திரும்ப இயலும் என்பதை இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வரைபடமாக்கினர். நிலையுருவற்ற புரதமும் அவ்வெல்லைக்கு உட்பட்டதே. வெவ்வேறு தொகுதிகள் ஒரே அளவீட்டுக்குப் பொருந்தக் கூடுமாதலின், அணுக்காந்த ஒத்ததிர்வு போன்ற பிற முறைகளின் சான்றும் வேண்டப்படுகிறது.

இவ்வாய்வு வெறும் அறிவு வேட்கையன்று. நோயுற்றோரின் மூளை உயிரணுக்களில் ஆல்பா சைனூக்ளின் திரண்டு படிகிறது. மருந்து பொருந்தி அமர்வதற்கு நிலையான பள்ளம் எதுவும் அதில் இல்லை. எனவே அதன் நெகிழ்ந்த நிலைகளை அறிவது, அதற்கு மருந்து தேடுவோர்க்கு இன்றியமையாததாகிறது.