கம்ப்யூட்டர் வேலையா? கணக்கை விடாதீர்கள்

சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற பெரம்பலூர். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையுமாக இருக்கிற அரியலூர். பெரிய சாஃப்ட்வேர் வளாகம் எதுவும் இந்தப் பக்கம் கிடையாது. ஆனாலும் பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளில் பலருக்கு 'சி.எஸ்.' அல்லது 'ஐ.டி.' மீதுதான் கண். ஆசைப்படுவதில் தவறில்லை. தவறு அதற்கு இரண்டு வருடம் முன்பே நடந்துவிடுகிறது, பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போது.

"கணக்கு வராது சார்" என்று வணிகவியல் குரூப்புக்குப் போகிறவர்கள் உண்டு. அதிலும் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் பாடம் இருக்கிறதே, போதாதா என்பது வீட்டாரின் சமாதானம். போதாது. பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மொத்தம் 200 மார்க்குக்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அந்த மார்க் இந்தக் கணக்கில் சேராது. கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சீட்டைத் தீர்மானிப்பதில் கம்ப்யூட்டர் பாடத்துக்கே பங்கில்லை என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? எம்.சி.ஏ. சேரவும் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருப்பது கைகொடுக்கும்.

மார்க் இருந்தும் பணமில்லை என்று ஒதுங்க வேண்டிய காலம் இது இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2021-ல் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். அந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அந்தச் சலுகைக்கு முன்பே பெரம்பலூர் ஒன்றைச் செய்து காட்டியது. தரேஸ் அகமது ஆட்சியராக இருந்தபோது, பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து 'சூப்பர் 30' என்று உண்டு உறைவிடப் பயிற்சி தொடங்கினார்கள். அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் அங்கிருந்து பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகளுக்கு மூளை இருந்தது, குறைந்தது பயிற்சிதான்.

பி.இ. கிடைக்காவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. ஜோஹோ நிறுவனம் பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தன் பள்ளியில் சேர்த்து, கட்டணம் வாங்காமல், மாத உதவித்தொகையும் கொடுத்துக் கற்பிக்கிறது. எச்.சி.எல். 'டெக்பீ' என்ற பெயரில் பிளஸ் டூ மாணவர்களை எடுக்கிறது; ஐ.டி. பணிக்குக் கணிதமோ வணிகக் கணிதமோ கேட்கிறார்கள், பாருங்கள், இங்கேயும் அதே கணக்கு. விப்ரோ, பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து மேற்படிப்பும் படிக்க வைக்கிறது. அரியலூர் அரசுக் கலைக் கல்லூரியிலோ குரும்பலூரிலோ குறைந்த செலவில் பட்டம் வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பில் சேர ஜே.இ.இ. தேவையில்லை. பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்றாலும் சரி, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் தகுதித் தேர்வுக்கு முயலலாம். பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் நேரில்.

வேலைச் சந்தையைப் பற்றி இனிப்பாகச் சொல்ல மனமில்லை. பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவருக்கு வருடச் சம்பளம் மூன்று, மூன்றரை லட்சம் என்பது பத்து வருடத்துக்கு மேலாகப் பெரிதாக நகரவில்லை. டி.சி.எஸ். 2025-ல் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. தொடக்கநிலை ஊழியர் எழுதிய சாதாரண புரோகிராமை இன்று செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கிறது. அது எழுதியதில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே இனி மதிப்பு. வளாகத் தேர்வுக்கு வருகிற நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பிலிருந்தே 60 சதவீதம் கேட்கின்றன. அரியர் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதைத் தாண்டியவரிடம் கேட்பது, நீங்களே செய்த ஒரு புராஜெக்ட்டை விளக்கிச் சொல்லுங்கள் என்பதைத்தான். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்ளும்.

தொழில்நுட்ப வேலை என்றாலே சென்னை, பெங்களூரு பஸ் ஏற வேண்டும் என்ற எண்ணமும் முழுக்கச் சரியில்லை. அரியலூரில் அரசு நிறுவனமான டான்செம் இருக்கிறது. கோவிந்தபுரத்தில் ராம்கோ, ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், தாமரைக்குளத்தில் டால்மியா. சிமென்ட் ஆலை என்றால் தூசியும் லாரியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இன்றைய ஆலையில் சுமார் 1,450 டிகிரியில் வேகும் சூளையைக் கட்டுப்பாட்டு அறையில் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருப்பவர்கள்தான் ஓட்டுகிறார்கள். வெப்பம், காற்றழுத்தம், எரிபொருள் அளவு எல்லாம் சென்சார் வழியாக அங்கே வந்து சேரும். அந்தச் சென்சார்களைச் சரிபார்க்க, இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. கருவியின் புரோகிராமைத் திருத்த ஆள் வேண்டும். இன்ஸ்ட்ருமென்டேஷன், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோக்காரருக்கான இடம் அது. பெரம்பலூர் நாரணமங்கலம் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையிலும் இதே படிப்புக்கு வேலை உண்டு. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சேரலாம்; பிறகு விரும்பினால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. ஊரெல்லாம் சி.எஸ். பின்னால் ஓடும்போது இந்தப் படிப்புகளை ஏளனமாகப் பார்ப்பது எனக்குப் புரியாத ஒன்று.

வேலை உத்தரவாதம் என்று சொல்லி முன்பணம் கேட்கிற பயிற்சி மையத்திலும், டெபாசிட் கேட்கிற 'கன்சல்டன்சி'யிலும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வேலை கொடுக்கிற நிறுவனம் உங்களிடம் பணம் கேட்காது.

உங்கள் வீட்டில் இந்த வருடம் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளை இருந்தால், பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் குரூப்பை நிரப்பும் முன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணக்கு வாத்தியாரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு வாருங்கள்.