பிக்காச்சு போட்ட துண்டு

"பையன் எந்நேரமும் வீடியோ கேமும் கையுமாக இருக்கிறான். மூளை கெட்டுவிடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அளவோடு ஆடினால் கெடாது. அதற்காக, கேம் ஆடினால் புத்தி பெருகும் என்று விற்பவர்களை நம்பிவிடவும் வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த லூமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டுச் செயலியை நடத்தும் நிறுவனம், 2016இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது.

கேம் ஆடினால் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு பழைய விளையாட்டு உதவுகிறது. நின்டென்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் 1989இல் வந்தது, அதில் ஆடும், கற்பனை உயிரினங்கள் நிறைந்த போக்கிமான் 1996இல். நமக்கு வேண்டிய வரலாறு இவ்வளவுதான்.

5 முதல் 8 வயதுக்குள் போக்கிமான் ஆடத் தொடங்கிய 11 பேர், ஆடாத 11 பேர். எல்லோரும் பெரியவர்களான பிறகு, ஸ்டான்ஃபோர்டில் ஜெஸ்ஸி கோமஸும் கலானித் கிரில்-ஸ்பெக்டரும் அவர்கள் மூளையை ஸ்கேன் செய்துகொண்டே போக்கிமான் படங்களைக் காட்டினார்கள். 2019இல் முடிவு வெளியானது. ஆடியவர்களுக்குக் காதுக்குப் பின்புறமுள்ள மூளை மடிப்பு ஒன்று கூடுதலாக வேலை செய்தது. அத்தனை பேருக்கும் ஏறக்குறைய அதே மடிப்பு!

காரணம் திரையின் அளவு. கேம்பாய் திரை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எல்லாக் குழந்தைகளும் அதைக் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாலான அந்த 151 உருவங்களும் விழித்திரையின் நட்டநடுவிலேயே விழுந்தன. நடுப்பார்வையில் விழும் முகங்களுக்கு மூளையில் ஒரு பகுதி உண்டு. ஓரப்பார்வை வரை விரியும் தெரு, கட்டடங்களுக்கு வேறு பகுதி. போக்கிமான் சேர்ந்தது நடுப்பார்வைப் பக்கம்.

கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான் இது. எந்த ஜன்னலில் போட்டோமோ அந்த சீட்தான் கிடைக்கும். விழித்திரைதான் ஜன்னல். முகங்கள் முதல் ஸ்டாப்பிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டன. பிக்காச்சு என்ற போக்கிமான் அவற்றின் பக்கத்து ஜன்னலில் துண்டு போட்டது. தினமும் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் டிக்கெட். தாமதமாக ஏறுபவருக்குக் கம்பிதான்: ஹார்வர்டில் மார்கரெட் லிவிங்ஸ்டன் குழு குரங்குகளுக்குக் குறியீடுகளைக் கற்றுக்கொடுத்தபோது, இளம் வயதில் கற்ற குரங்குகளின் மூளையில் அந்தக் குறியீடுகளுக்கென்று தனி இடம் உருவானது, வளர்ந்தபின் கற்ற குரங்குகளுக்கு உருவாகவில்லை. மனித பஸ்ஸில் இவ்வளவு கறார் இல்லை. பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்களின் மூளையிலும் எழுத்துக்கு சீட் கிடைத்திருக்கிறது.

ஒன்றுபோலவே தோன்றும் போக்கிமான் உருவங்களை நொடியில் பிரித்தறியும் தேர்ச்சி, பிள்ளை தானாக விளையாடிப் பெற்றது. அதை நான் லாபக் கணக்கில்தான் எழுதுவேன். படிப்பில் முதலிடம் வருவான் என்பதற்கு அது சான்றல்ல.

எவ்வளவு நேரம் ஆடலாம்? ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி பிரிட்டனில் 10 முதல் 15 வயதுள்ள சுமார் 5,000 பிள்ளைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆடியவர்கள், ஆடாதவர்களைவிடச் சற்று மகிழ்ச்சியாகவும் எல்லோரோடும் ஒத்துப்போகிறவர்களாகவும் இருந்தார்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பின்தங்கினார்கள். கேம்தான் காரணம் என்று இதைவைத்துச் சொல்ல முடியாது. வித்தியாசமும் சிறியது, வீட்டுச் சூழலுக்கும் பள்ளியில் அமையும் உறவுகளுக்கும் முன்னால் அது வெறும் கொசுறு.