நடுநிலை வகுப்புகளில் கதைமாந்தர் மாற்றத்தைக் கற்பித்தல்: கி. ராஜநாராயணனின் 'கதவு' – மெய்ப்பாட்டியல் நோக்கு

முன்னுரை

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் கதைமாந்தர் குறித்த வினாவிற்கு எழுதப்படும் விடை, பெரும்பாலும் பண்புச் சொற்களின் அடுக்காகவே நின்றுவிடுகிறது. 'அன்பானவள்', 'நேர்மையானவன்' என்பன மாந்தர் எத்தகையவர் என்பதைக் கூறும். அவர் எவ்வாறு மாறினார், ஏன் மாறினார் என்பதைக் கூறா. இம்மாற்றத்தைக் கற்பிக்க மெய்ப்பாட்டியல் துணைசெய்யும் வகையை இக்கட்டுரை விளக்குகிறது.

மெய்ப்பாடு என்னும் கருவி

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. உள்ளத்து உணர்வு உடல்வழிப் புலப்படுதலே மெய்ப்பாடு. எனவே, புறத்தே காணும் செயலிலிருந்து அகத்தை உய்த்துணரும் பயிற்சி இவ்வியலிலேயே அமைந்துள்ளது. உவகையின் நிலைக்களன்களுள் விளையாட்டும், அழுகையின் நிலைக்களன்களுள் இழவும் வறுமையும் இடம்பெறுகின்றன.

கதையில் மாற்றம்

'கதவு' சிறுகதையில் லட்சுமியும் சீனிவாசனும் தம் வீட்டுக் கதவில் ஏறிப் பேருந்து விளையாட்டு ஆடுகின்றனர். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி கதவைக் கழற்றிச் செல்லும்போதும் அவர்களுக்கு அது வேடிக்கையே. ஊர்வலம்போல் ஒலியெழுப்பிப் பின்தொடர்கின்றனர். கதவற்ற வீட்டில் குளிர் புகுகிறது, கைக்குழந்தை இறக்கிறது. பின்னர்ச் சாவடியருகே அக்கதவைக் காணும் அவர்கள் அதை இறுகப் பற்றிக்கொள்கின்றனர். விளையாட்டு நிலைக்களனான உவகையிலிருந்து இழவும் வறுமையும் நிலைக்களன்களான அழுகையை நோக்கி மாந்தர் நகர்ந்துள்ளனர். ஆசிரியர் இதனை உணர்ச்சிச் சொற்களால் விளக்காமல் கைகளின் செயலால் காட்டுகிறார்.

வகுப்பறை நடைமுறை

மாணவரிடம் கலைச்சொற்களைத் திணிக்க வேண்டியதில்லை. அவை ஆசிரியருக்குரிய கருவிகள். மூன்று வினாக்கள் போதுமானவை: கதவு எடுத்துச் செல்லப்பட்டபோது சிறுவர் என்ன செய்தனர்? அதனை மீண்டும் கண்டபோது என்ன செய்தனர்? இடையில் நிகழ்ந்தவை யாவை? முதலிரு விடைகளை அருகருகே எழுதச் செய்தால் வேறுபாடு புலனாகும். மூன்றாவது விடை காரணத்தைத் தரும். ஒரு மெய்ப்பாடு ஒரு கணத்து நிலையை மட்டுமே உணர்த்தும்; இரு கணங்களை ஒப்பிடும்போதே மாற்றம் தெளிவாகும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. இறுதித் தழுவலை இழந்ததைக் கண்ட உவகை என்றும் கொள்ளலாம். மீட்க இயலாததன் அழுகை என்றும் கொள்ளலாம். ஒரே விடையை எதிர்பார்க்கும் மதிப்பீட்டுமுறை இரண்டாவது வாசிப்பைத் தவறென ஒதுக்கிவிடும். கதையிலிருந்து சான்று காட்டும் எவ்விடையும் ஏற்கத்தக்கது என்பதே இம்முறையின் அடிப்படை.

முடிவுரை

கதைமாந்தர் மாற்றத்தைக் கற்பிக்கப் புறத்திலிருந்து புதிய கோட்பாட்டைக் கொணரத் தேவையில்லை. மெய்ப்பாட்டியலை நெட்டுருவிற்குரிய பட்டியலாக வைத்திராமல் வாசிப்பிற்குரிய கருவியாக்கினால், பண்புச் சொல்லை எழுதும் மாணவன் அதற்குரிய சான்றையும் காரணத்தையும் தேடத் தொடங்குவான்.